கைவேலையும் காணிக்கைதான்

"எனக்கென்னங்க தெரியும்? சமைக்கத் தெரியும், பூக்கட்டத் தெரியும், சுமாராகக் கோலம் போடத் தெரியும். இதை வைத்துக்கொண்டு நாலு பேருக்கு என்ன செய்துவிட முடியும்?"

இந்தப் பேச்சைப் பேசாத பெண்மணியை நான் இதுவரை பார்த்ததில்லை. கல்யாண வீட்டில் ஐம்பது முழம் மல்லிகையைக் கண்ணை மூடிக்கொண்டு கட்டித் தள்ளுபவள்கூட இதையேதான் சொல்வாள். கோயிலுக்கோ ஆசிரமத்துக்கோ ஏதாவது செய்ய வேண்டுமென்றால் கையில் பணம் வேண்டும், இல்லாவிட்டால் பெரிய படிப்பு வேண்டும் என்று நமக்குள் ஓர் எண்ணம் ஊறிப்போயிருக்கிறது.

நான் குடியிருப்பது திருவண்ணாமலையில், ரமணாசிரமத்துக்கு அருகில். பெரிய கோயிலிலிருந்து செங்கம் சாலையில் சுமார் இரண்டு கிலோமீட்டர் வந்தால் ஆசிரமம். பௌர்ணமி தவறாமல் கிரிவலம் வருகிற கூட்டத்தில் பாதிப்பேர் உள்ளே நுழைந்து மயிலைப் பார்த்துவிட்டு, சமாதியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போவார்கள். வரட்டும், அதுவும் நல்லதுதான். ஆனால் அந்த இடத்தின் கதையை அடுப்பங்கரைப் பக்கமிருந்து பார்த்தால் வேறு விதமாகத் தெரிகிறது. சாதாரணப் பெண்கள் தங்களுக்குத் தெரிந்த கைவேலையைக் கொண்டுவந்து வைத்துத்தான் அந்த இடம் வளர்ந்தது என்று நான் அடித்துச் சொல்வேன்.

வேங்கடராமன் என்ற பதினாறு வயதுப் பையன் 1896 செப்டம்பர் முதல் தேதி இந்த ஊருக்கு வந்து சேர்ந்தான். பின்னாளில் ரமண மகரிஷி ஆன அவர் மலைமேல் விரூபாட்ச குகையில் இருந்த காலத்தில் அடுப்பு ஏது, பாத்திரம் ஏது? கூட இருந்த சாதுக்கள் ஊருக்குள் போய்ப் பிச்சை எடுத்து வருவார்கள். வீதியில் பாடிக்கொண்டு போக ஒரு பாட்டு வேண்டுமென்று அவர்கள் கேட்டதற்காகப் பிறந்ததுதான் அட்சரமணமாலை. இன்று கிரிவலப் பாதையில் தினமும் கேட்கிற 108 கண்ணிகள், முதலில் சோற்றுக்குத் துணையாக வந்த பாட்டு என்றால் எத்தனை பேர் நம்புவார்கள்?

அந்த நாளில் வந்தவர்தான் எச்சம்மாள். மண்டகொளத்தூர் சொந்த ஊர். இயற்பெயர் லட்சுமி அம்மாள். இருபத்தைந்து வயதுக்குள் கணவர், மகன், மகள் எல்லோரையும் பறிகொடுத்தவர். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட பெண்ணின் நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை. நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்போம். எந்த நல்ல காரியத்திலும் முன்னே வரக்கூடாது, மூலையில் உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். 1907 வாக்கில் மலையேறி வந்து மகரிஷி எதிரில் நின்றபோது வாய்ப் பேச்சே இல்லை. ஆனால் மனத்தில் இருந்த பாரம் இறங்கிவிட்டதாக உணர்ந்தாராம்.

அதற்குப் பிறகு அவர் என்ன செய்தார்? தனக்கு என்ன தெரியுமோ அதைச் செய்தார். சமைத்தார். தினமும் சமைத்து எடுத்துக்கொண்டு மலையேறினார். மகரிஷி மலையிலிருந்து கீழே வந்து ஆசிரமம் உண்டான பிறகும் அந்தத் தூக்குப் பாத்திரம் நிற்கவில்லை. 1945ல் காலமாகும்வரை, ஏறக்குறைய 38 வருஷம்! நாம் வீட்டில் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் விருந்தாளி வந்தால் முதுகு வலிக்கிறது என்கிறோம்.

முதலியார் பாட்டி என்று இன்னொருவர், காரைக்காலிலிருந்து வந்தவர். அவரும் இப்படியே தினமும் உணவு கொண்டுவந்து படைத்தார். ஆசிரமத்தில் சொந்தச் சமையலறை வந்து, வேளாவேளைக்குச் சமையல் நடக்கத் தொடங்கிய பிறகு, வெளியிலிருந்து இந்தப் பெண்கள் கொண்டுவரும் உணவு எதற்கு என்று நிர்வாகத்தில் இருந்தவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அன்றைக்குச் சாப்பாட்டு மணி அடித்தும் மகரிஷி இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. காரணமும் சொல்லவில்லை. பிறகுதான் விஷயம் புரிந்து, ஆள் அனுப்பி அந்தப் பெண்மணிகளைச் சமாதானப்படுத்தி அழைத்து வந்தார்களாம். அந்தக் கால அடியார்கள் எழுதி வைத்திருக்கிற சம்பவம் இது. அந்த ஒரு கரண்டிச் சாதத்தில் என்ன இருக்கிறது என்று நிர்வாகத்துக்குக் கணக்குத் தெரியவில்லை, அவருக்குத் தெரிந்திருந்தது.

மகரிஷியின் தாயார் அழகம்மாள் 1916ல் மகனோடு வந்து தங்கிய பின்புதான் ஸ்கந்தாசிரமத்தில் அடுப்பு என்ற ஒன்று ஒழுங்காக எரிந்தது. அழகம்மாள் பற்றி ஒரு வேடிக்கையான விஷயம் உண்டு. ஒரு நாள் அம்மா அப்பளம் இட உட்கார்ந்து, மகனையும் கூட வந்து உதவி செய்யக் கூப்பிட்டாராம். மகன் வரவில்லை. அதற்குப் பதில் ஒரு பாட்டு எழுதிக் கொடுத்தார். அதுதான் அப்பளப் பாட்டு. உளுந்து, பிரண்டைச் சாறு, சீரகம், மிளகு, உப்பு, பெருங்காயம் என்று நாம் போடுகிற ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு தத்துவம் சொல்லியிருப்பார். அகந்தைதான் உளுந்து, அதை இடித்து மாவாக்க வேண்டும், நல்லோர் சேர்க்கைதான் பிரண்டைச் சாறு என்று போகும். (எனக்கு இதில் ஒரு சந்தேகம். பாட்டு எழுதிக் கொடுத்துவிட்டால் போதுமா, அன்றைக்கு அப்பளத்தை யார் இட்டார்கள்? அம்மாதான் இட்டிருப்பாள்!)

1922 மே மாதம் தாயார் காலமானார். மலையடிவாரத்தில் அவருக்குச் சமாதி வைத்த இடத்தைச் சுற்றித்தான் இன்றைய ஆசிரமம் எழுந்தது. பின்னால் சாந்தம்மாள், லோகம்மாள், சுப்பலட்சுமி அம்மாள், சம்பூர்ணம்மாள் என்று பெண்கள் வந்து சமையலறையை ஏற்றுக்கொண்டார்கள். அநேகமாகக் குடும்பத்தில் பெரிய துக்கத்தைப் பார்த்தவர்கள். பகலெல்லாம் ஆசிரமத்தில் உழைத்துவிட்டு இருட்டுவதற்குள் வெளியே போய்விட வேண்டும், பெண்கள் இரவில் உள்ளே தங்கக்கூடாது என்பது அப்போதைய விதி. அந்த விதி எனக்குப் பிடித்தமாக இல்லைதான். ஆனாலும் ஒன்றைப் பாருங்கள். மூலையில் உட்கார் என்று ஊர் சொன்ன பெண்களுக்கு, விடியற்காலையில் எழுந்து போக ஓர் இடமும், "இன்றைக்கு என்ன குழம்பு?" என்று கேட்க ஆட்களும் கிடைத்தார்கள். அது மருந்தைவிடப் பெரிது.

சமையல் தெரிந்தவர்கள் கதை இப்படி. எழுத்துத் தெரிந்த ஒருவர் கதையைக் கேளுங்கள்.

சூரி நாகம்மா ஆந்திராவில் குண்டூர்ப் பக்கத்துக்காரர். 1902ல் பிறந்தவர். பாலிய விவாகம், விவரம் தெரியும் முன்பே விதவைக் கோலம். பள்ளிக்கூடம் அனுப்பவில்லை. வீட்டிலேயே தானாகப் படித்து, தெலுங்கில் பாட்டுக் கட்டும் அளவுக்கு வந்துவிட்டார். 1941ல் ரமணாசிரமத்துக்கு வந்தார். அவருடைய அண்ணன் ஒரு பாங்கு அதிகாரி. "அங்கே தினமும் நடப்பதை எனக்குக் கடிதமாக எழுது" என்று கேட்டிருக்கிறார். 1945 நவம்பரில் தொடங்கி 1950ல் மகரிஷி மறையும் காலம்வரை நாகம்மா எழுதிய கடிதங்கள் 270க்கும் மேலே. யார் வந்தார்கள், என்ன கேட்டார்கள், குரங்கு என்ன செய்தது, பசு லட்சுமி எப்படி வந்து நின்றது, எச்சம்மாள் என்ன சொன்னார் என்று எல்லாம் அதில் உண்டு. தத்துவப் பண்டிதர்கள் எழுதியதில் தத்துவம் இருக்கும், அந்த ஹாலில் உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்கும் என்பது இருக்காது. நாகம்மாவின் கடிதங்களில் அது இருக்கிறது. அண்ணன் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார், தமிழிலும் வந்தது. ஒரு தங்கை அண்ணனுக்கு எழுதிய கடிதத்தை உலகம் பூராவும் படிக்கிறார்கள்.

நாம் பிறந்த வீட்டுக்கு எழுதும் கடிதத்தை எத்தனை அலட்சியமாக நினைக்கிறோம்! இப்போது அதுவும் போய், போனில் "சாப்பிட்டாச்சா" என்று கேட்பதோடு சரி.

ஆண்களைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லாவிட்டால் சண்டைக்கு வருவார்கள். தமிழ்ப் பண்டிதராக இருந்த முருகனார் 1923ல் வந்து, தன் கவிதை அத்தனையையும் இங்கேயே கொட்டினார். உபதேச உந்தியார் பிறக்க அவர் கேட்டுக்கொண்டதுதான் காரணம். அண்ணாமலை சுவாமி என்பவர் கட்டடக்கலை எதுவும் படிக்காமலே கோசாலையும் சாப்பாட்டுக் கூடமும் எழும்ப மேற்பார்வை பார்த்தார். சென்னையைச் சேர்ந்த டாக்டர் டி.என். கிருஷ்ணஸ்வாமி காமிராவோடு வந்து வந்து படம் எடுத்துக் கொடுத்தார். இன்று நாம் பார்க்கிற மகரிஷியின் படங்களில் பல அவர் எடுத்தவை.

மகரிஷிக்கே கைவேலையில் கொள்ளை ஆசை. இலை தைப்பார், கொட்டாங்கச்சியை வழவழவென்று தேய்த்துக் கிண்ணமாக்குவார், பழைய புத்தகங்களுக்கு அழகாக பைண்டு போடுவார். வேலூர்க் கல்லூரி ஒன்றில் தெலுங்குப் பண்டிதராக இருந்த ரங்காச்சாரி ஒரு நாள் வந்து, பலனை விரும்பாமல் கர்மம் செய்வது என்றால் என்ன என்று கேட்டார். பதில் இல்லை. மலைமேல் போகும்போது வழியில் கிடந்த முள் கழி ஒன்றை மகரிஷி எடுத்தார். முள்ளைச் சீவி, கணுவைத் தட்டி, சொரசொரப்பான இலையால் தேய்த்து மெருகேற்றினார். மணிக்கணக்காக அதே வேலை. கழி தயாரானதும், தன் கோலைத் தொலைத்துவிட்டு முகம் வாடி வந்த ஆடு மேய்க்கும் பையன் கையில் அதைக் கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார். பண்டிதருக்குப் பதில் கிடைத்துவிட்டது.

இதெல்லாம் நம் மதத்தில், நம் ஊரில் மட்டும் நடப்பது என்று எண்ண வேண்டாம். கிறிஸ்தவர்களில் யூனிடேரியன் என்று ஒரு பிரிவினர் உண்டு. கடவுள் ஒருவரே, மூவர் அல்ல என்பது அவர்கள் கொள்கை. லண்டனில் அவர்களுடைய கோயில் ஒன்றில் எலைசா ஃபிளவர், சாரா ஃபிளவர் ஆடம்ஸ் என்று அக்காள் தங்கை இருவர் இருந்தார்கள். அக்காளுக்கு இசை, தங்கைக்குக் கவிதை. தங்கள் சபைக்காக 1841ல் வெளிவந்த பாட்டுப் புத்தகத்துக்குத் தங்கை பாட்டு எழுத, அக்காள் மெட்டுப் போட்டுக் கொடுத்தாள். அதில் வந்த ஒரு பாட்டு, கடவுளே உம்மருகே வர வேண்டும் என்று வேண்டுகிற பாட்டு, உலகம் முழுவதும் பரவி நம் தமிழ்க் கிறிஸ்தவ சபைகளிலும் பாடப்படுகிறது. பாவம், காசநோய் கண்டு 1846ல் அக்காளும் 1848ல் தங்கையும் இளம் வயதிலேயே போய்விட்டார்கள்.

நம் சென்னையிலும் இந்தப் பிரிவுக்கு ஒரு பழைய கோயில் உண்டு. திருவேங்கடம் என்ற பெயரோடு பிறந்து, ஏழ்மையில் அடிபட்டு, வேலைக்காரராக இங்கிலாந்து போய் வந்து, வில்லியம் ராபர்ட்ஸ் ஆன தமிழர் ஒருவர் 1795ல் தொடங்கிய சபை அது. வெள்ளைக்காரப் பாதிரி யாரும் வந்து ஆரம்பிக்கவில்லை. வழிபாட்டைத் தமிழில் எழுதிக் கொடுத்ததும் அவரே. மேகாலயாவில் ஜோவாய் என்ற ஊரில் 1887ல் ஹாஜம் கிஸ்ஸோர் சிங் என்பவர் இதே வழியில் சபை தொடங்கி, காசி மொழியில் பாட்டுகள் எழுதினார்.

இவர்களிடம் எனக்கு ரொம்பப் பிடித்த வழக்கம் ஒன்று உண்டு. பிராகா நகரத்தில் 1923ல் நார்பர்ட் சாபெக் என்ற போதகர் ஆரம்பித்தது. ஒவ்வொருவரும் ஆளுக்கு ஒரு பூ கொண்டுவந்து ஒரே கூடையில் வைக்க வேண்டும். வழிபாடு முடிந்து போகும்போது தான் கொண்டு வந்ததை அல்லாமல் வேறொருவர் கொண்டுவந்த பூவை எடுத்துப் போக வேண்டும். தோட்டத்து ரோஜாவும் வரும், வேலியோரத்துப் பூவும் வரும், எது யாருடையது என்று கேட்க முடியாது. அந்தப் போதகரை 1942ல் நாஜிகள் கொன்றுவிட்டார்கள். பூக்கூடை மட்டும் இன்னும் பல தேசங்களில் நடக்கிறது.

சரி, நம் விஷயத்துக்கு வருவோம். "நானும் ஏதாவது செய்யணும் அக்கா" என்று எங்கள் தெருவில் கல்யாணமாகி வந்த சின்னப் பெண்கள் கேட்பதுண்டு. இடுப்பில் ஒன்றரை வயதுக் குழந்தை இருக்கும். நான் சொல்வது இதுதான். முதலில் வீட்டில் சொல்லுங்கள். மாமியாருக்கும் வீட்டுக்காரருக்கும் தெரியாமல் செய்கிற சேவை இரண்டாவது வாரமே சண்டையில் முடியும். வாரத்தில் எந்த நாள், எத்தனை மணி நேரம் என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். "எப்ப வேணா கூப்பிடுங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள், அவர்கள் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுவார்கள்! கைக்குழந்தைக்காரிகள் வீட்டிலிருந்தே செய்கிற வேலையாகக் கேட்கலாம். திரைச்சீலைக்கு ஓரம் தைப்பது, பழைய பாட்டு நோட்டைப் பார்த்துப் புது நோட்டில் பிரதி எடுப்பது, கண் தெரியாத பெரியவர்களுக்காகக் கதை வாசித்துப் பதிவு செய்து கொடுப்பது, இப்படி எத்தனையோ. கையெழுத்து முத்தாக இருந்தால் அதுவே ஒரு சொத்து. அறிவிப்புப் பலகை எழுத ஆள் கிடைக்காமல் தவிக்கிற இடங்கள் ஏராளம்.

தரையில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் தொடர்ந்து பூக்கட்டினால் இடுப்பும் கழுத்தும் பிடித்துக்கொள்ளும். அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நாலு நடை நடந்துவிட்டு உட்காருங்கள். சேவை என்றாலும் உடம்பு நம்முடையதுதானே. வெறும் வயிற்றோடு பெரிய அடுப்பு முன்னால் நிற்கப் போகாதீர்கள். மயக்கம் போட்டு விழுந்தால் நாலு பேர் வேலையை விட்டு உங்களைப் பார்க்க வேண்டியிருக்கும்.

இன்னொரு விஷயம் கொஞ்சம் கசப்பானது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். எங்கள் பக்கத்தில் தையல்கார அம்மா ஒருத்தி இருக்கிறாள். வீட்டுக்காரர் இல்லை, இரண்டு பெண் குழந்தைகள், தையல் மெஷின்தான் சோறு போடுகிறது. ஓர் இடத்தில் விழாவுக்காக என்று சொல்லி அவளிடம் அறுபது பை தைக்கக் கொடுத்தார்கள். "புண்ணிய காரியம்தானே, கூலி என்ன வேண்டிக் கிடக்கு" என்றும் சொல்லிவிட்டார்கள். அவள் வாய் திறக்காமல் தைத்துக் கொடுத்தாள். அந்த வாரம் வந்த ஜாக்கெட் துணிகளைத் திருப்பி அனுப்பினாள். கூலியில்லாமல் கொடுப்பது கொடுப்பவள் மனத்திலிருந்து வர வேண்டும். எவளுக்கு அந்தத் திறமைதான் பிழைப்போ, அவளிடம் இலவசமாகக் கேட்பது சேவை ஆகாது, சுரண்டல். பிழைப்புக்குத் தைப்பவளுக்குக் கூலியைக் கொடுங்கள். அவள் கொடுக்க விரும்பினால் வேறொன்றைக் கொடுப்பாள். இந்தத் தையல்கார அம்மாவுக்கு அருமையான குரல் இருக்கிறது. யாரும் கேட்டதில்லை!

பாட்டு என்றதும் ஞாபகம் வருகிறது. ஆசிரமத்தில் மாலை வேளையில் தமிழ்ப் பாராயணம் உண்டு. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்கார்ந்து மகரிஷியின் பாடல்களை மாற்றி மாற்றிப் பாடுவார்கள். சங்கீதம் கற்றிருக்க வேண்டியதில்லை. புத்தகத்தைப் பார்த்து நாலு நாள் கூடவே முணுமுணுத்தால் ஐந்தாம் நாள் குரல் தானாக எழும். குழந்தை அழுதால் மட்டும் வெளியே தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். வாசல் பக்கம் மயில் இருந்தால் அழுகை நின்றுவிடும்.

கடைசியாக, சமையல் மட்டுமே தெரியும் என்கிறவர்களுக்காகச் சம்பூர்ணம்மாள் சொல்லியிருக்கும் சம்பவம் ஒன்று. மகரிஷி விடியுமுன் எழுந்து சமையலறைக்கு வந்து காய் நறுக்குவார். எதையும் வீணாக்க விடமாட்டார். கீரை வந்தால் இலை ஒன்றுக்கு, தண்டு சாம்பாருக்கு, வேரைக்கூட அலம்பிப் பிழிந்து சாற்றை ரசத்தில் விடச் சொல்வார். ஒரு சமயம் யாரோ கூடை கூடையாகக் கத்தரிக்காய் அனுப்பிவிட்டார்கள். தினமும் கத்தரிக்காய். காம்புகள் ஒரு மூலையில் குவிந்து கிடந்தன. அதையும் சமைக்கச் சொன்னார். மாடுகூடத் தொடாதே என்று பெண்களுக்குத் திகைப்பு. காய்ந்த பட்டாணியோடு சேர்த்து வேக வைத்தார்கள். ஆறு மணி நேரம் கொதித்தும் கல்லாகக் கிடந்தது. எப்படி இருக்கிறது பதார்த்தம் என்று அவர் வந்து கேட்டார். "பதார்த்தமா, இரும்பு ஆணியை அல்லவா வேக வைத்துக்கொண்டிருக்கிறோம்!" என்றார் சம்பூர்ணம்மாள். அவர் கரண்டியால் ஒரு கிளறு கிளறிவிட்டுப் பேசாமல் போனார். கொஞ்ச நேரத்தில் காம்பு குழைந்துவிட்டது. அன்றைக்குச் சாப்பிட்டவர்கள் இன்னும் கொஞ்சம் என்று கேட்டு வாங்கினார்களாம்.

நமக்குக் கிளறிவிட மகரிஷி இல்லாவிட்டாலும் குக்கர் இருக்கிறது. நான் செய்து பார்த்தேன். முற்றாத கத்தரிக்காய்க் காம்பாக எடுத்து, முள்ளைச் சீவி, பச்சை மூடியோடு சேர்த்து நீளவாக்கில் பிளந்துகொள்ளுங்கள். காய்ந்த பட்டாணியை இரவே ஊறப் போடவும். இரண்டையும் மஞ்சள்தூள் போட்டுக் குக்கரில் ஆறு விசில் விட்டால் போதும். பிறகு புளிக்கரைசல், உப்பு, சாம்பார்ப்பொடி சேர்த்துக் கொதிக்கவிட்டு, கடுகும் வெந்தயமும் தாளித்து இறக்குங்கள். முருங்கைக்காயைப் போலக் கடித்துச் சாறு உறிஞ்சித்தான் சாப்பிட வேண்டும். குழந்தைகளுக்குப் பட்டாணியை மட்டும் எடுத்துப் பிசைந்து கொடுங்கள், நார் தொண்டையில் மாட்டும்.